பாறைக்குள் அலை எந்தப் பக்கம் வேகமாக ஓடும்?

லால்பாக்கில் கெம்பே கௌடா கோபுரம் நிற்கிற பாறையில் ஏறாத பெங்களூர்த் தமிழர்கள் குறைவு. அடுத்த முறை போகும்போது, உச்சிக்குப் போய் ஊரைப் பார்க்கும் முன்னால், கொஞ்சம் குனிந்து காலடியில் இருக்கும் கல்லைப் பாருங்கள். வெளிர் சாம்பல் பட்டை, அதை ஒட்டிக் கரும்பட்டை, மறுபடி வெளிர் பட்டை என்று வரிவரியாக ஓடியிருக்கும். சில இடங்களில் அந்த வரிகள் வளைந்து மடிந்திருக்கும். ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயதான இந்தப் பாறை வகைக்கு, மைசூர் சமஸ்தானத்தின் நிலவியல் துறையில் இருந்த ஸ்மீத் 1916-இல் பெனின்சுலர் நைஸ் என்று பெயர் வைத்தார். இன்று அது தேசிய நிலவியல் சின்னம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பலகையும் அங்கே உண்டு.

அந்த வரிகளைப் பற்றித்தான் பேசப்போகிறோம். இதே வகைப் பாறையில் எங்காவது குவாரியில் கிடைத்த ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையில் தட்டினால் உள்ளே ஓர் அதிர்வு கிளம்பி மறுமுனைக்குப் போகும். முதலில் வரிகள் ஓடும் திசையிலேயே அனுப்புகிறோம். பிறகு வரிகளுக்குக் குறுக்கே, அதே தூரத்துக்கு அனுப்புகிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேருமா? சேராது. வரியோடு போனது முந்தும். வரியை வெட்டிக்கொண்டு போனது பிந்தும்.

பாறையின் இந்தக் குணத்தைத் திசைச்சார்பு என்று அழைப்போம். கல்லூரி வகுப்பில் அனைசோட்ரபி என்பார்கள். வேகத்தில் வரும் வித்தியாசம் பெரும்பாலும் சில சதவீதம்தான். ஆனால் நிலநடுக்க அலைகள் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறவை. அந்தச் சில சதவீதத்தை விட்டுவிட்டால் அதிர்வு எங்கே தொடங்கியது என்பதையே தவறாகக் குறித்துவிடுவோம். அதையே பொறுமையாக அளந்தால், எந்தத் துளைப்புக் கருவியும் எட்டாத ஆழத்தில் பாறை எந்தப் பக்கம் நசுங்கியது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரியவரும். நிலநடுக்கவியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதன் அடிப்படை புரிய பெரிய கணிதம் தேவையில்லை.

இரண்டு அலைகள்

கே.ஆர்.புரம் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பிறகு, தங்கவயலின் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைப் போல இவர் குடும்பமும் பெங்களூருக்கு வந்துவிட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் பாரம் தாங்காமல் சுவர்கள் திடீரென்று வெடித்துச் சிதறும். அங்கே அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். வீட்டில் இருக்கும்போது அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். “மொதல்ல ஜன்னல் கடகடன்னும், தம்பி. அது அடங்கறதுக்குள்ள கீழேர்ந்து தூக்கிப் போடும். ரெண்டும் வேற வேற” என்றார்.

அவர் சொன்னது மிகச் சரி. பாறைக்குள் ஓடும் அதிர்வில் இரண்டு வகை உண்டு. முதலில் வருவது பி-அலை. அது தான் போகும் திசையிலேயே பாறையை அமுக்கியும் விரித்தும் கொண்டு போகும். இரண்டாவது எஸ்-அலை. அது தான் போகும் திசைக்குக் குறுக்கே பாறையை ஆட்டிக்கொண்டு போகும். கிரானைட் போன்ற கடினப் பாறையில் பி-அலை நொடிக்கு ஏறக்குறைய 6 கி.மீ., எஸ்-அலை ஏறக்குறைய 3.5 கி.மீ. ஓடும். அதிர்வு கிளம்பிய இடம் 8 கி.மீ. தள்ளி இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு நொடி இடைவெளி விழும். ஜன்னல் முதலில், தரை பிறகு என்று மனிதரே உணரக்கூடிய இடைவெளி அது.

வேகத்தை எது தீர்மானிக்கிறது? இரண்டு விஷயங்கள்: பாறையின் விறைப்பு, பாறையின் அடர்த்தி. விறைப்பை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். விறைப்பு கூடினால் அலை வேகமாகப் போகும். அடர்த்தி கூடினால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, மெதுவாகப் போகும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அடர்த்திக்குத் திசை கிடையாது. ஒரு துண்டுப் பாறையை எப்படித் திருப்பி வைத்தாலும் தராசு அதே எடையைத்தான் காட்டும். விறைப்புக்கோ திசை உண்டு. ஒரு பக்கமிருந்து அமுக்கினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், இன்னொரு பக்கமிருந்து அமுக்கினால் விட்டுக்கொடுக்காது. மீதிக் கதை எல்லாம் இதிலிருந்து பிறப்பதுதான்.

பேப்பர்க் கட்டு

பழைய பேப்பர்க் கடைக்குப் போட மாதக்கணக்கில் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிய செய்தித்தாள் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடத்தி மேலிருந்து கையால் அழுத்தினால் அமுங்கும். தாள்களின் விளிம்புப் பக்கமிருந்து, தாள் ஓடும் திசையிலேயே தள்ளினால் அசையாது, பலகை மாதிரி நிற்கும். இரண்டு பக்கமும் அதே காகிதம், அதே எடை, ஆனால் விறைப்பு வேறு. அதனால் தாள்களின் திசையில் போகும் பி-அலை வேகமாகவும், தாள்களுக்குக் குறுக்கே போகும் பி-அலை மெதுவாகவும் போகும்.

நைஸ் பாறையின் கரும்பட்டையில் இந்தத் தாள் வேலையைச் செய்வது மைக்கா. அதிலும் பயோடைட் என்ற கருப்பு மைக்கா. நகத்தால் கிளறினால் தகடு தகடாகப் பெயரும் கனிமம் அது. ஒரே ஒரு பயோடைட் படிகத்தில் தகட்டின் திசையிலேயே பி-அலை நொடிக்கு ஏறக்குறைய 7.8 கி.மீ. ஓடுகிறது, தகடுகளுக்குக் குறுக்கே ஏறக்குறைய 4.2 கி.மீ. மட்டுமே. கிட்டத்தட்ட இரு மடங்கு வித்தியாசம்! படிகத்துக்குள் அணுக்கள் தகட்டின் தளத்தில் பலமாகவும், தகடுக்கும் தகடுக்கும் நடுவே பலவீனமாகவும் பிணைந்திருப்பதால் இப்படி.

அப்படியானால் பாறை முழுவதற்கும் ஏன் அவ்வளவு வித்தியாசம் வருவதில்லை? முதல் காரணம், மைக்கா பாறையின் ஒரு பங்குதான். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும்தான் அதிகம். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். தகடுகள் ஒரே திசை பார்த்துப் படுத்திருந்தால்தான் அவற்றின் திசைக்குணம் ஒன்றுசேரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக் கிடந்தால் எல்லாம் சராசரியாகி, எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே வேகம்தான் வரும். படிகங்கள் கலைந்து கிடக்கும் நல்ல கிரானைட் அப்படித்தான். நைஸ் வேறு மாதிரி. ஆழத்தில் சூடும் அழுத்தமும் சேர்ந்து ஒரு பக்கமிருந்து நசுக்கியபோது, மைக்காத் தகடுகள் நசுக்கும் திசைக்குச் செங்குத்தாகத் திரும்பிப் படுத்தன. புதிதாக வளர்ந்தவையும் அப்படியே வளர்ந்தன. ஆகவே நைஸில் அலையின் வேக வித்தியாசம், 250–300 கோடி ஆண்டுக்கு முன்னால் நடந்த நசுக்கலின் பதிவு. மைக்கா நிறைந்த ஷிஸ்ட் பாறையில் வித்தியாசம் இன்னும் அதிகம், 10 சதவீதத்தைத் தாண்டுவதும் சாதாரணம்.

இங்கே புதிதாகப் படிப்பவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பெங்களூரில் மேலே செம்மண், அதன் கீழே பொதபொதவென்று உதிரும் அழுகிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. இவற்றில் அலையின் வேகம் வேறுவேறு. அது இடத்துக்கு இடம் வரும் மாற்றம். திசைச்சார்பு என்பது ஒரே புள்ளியில் நின்றுகொண்டே முகத்தை வேறு பக்கம் திருப்பினால் வரும் மாற்றம். களத்தில் இரண்டும் சேர்ந்தே வரும். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது எளிது. பிரித்துக் காண ஒரே இடத்தைப் பல திசையிலிருந்து அலை அனுப்பிப் பார்க்க வேண்டும்.

அலை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும்?

லால்பாக் பாறையின் பட்டைகள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் அகலம். நிலநடுக்க அலைக்கு இவை தனித்தனியாகத் தெரியுமா? தெரியாது. வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். நொடிக்கு 6 கி.மீ. வேகமும், நொடிக்கு ஒரு அதிர்வும் உள்ள அலையின் நீளம் 6 கி.மீ. நொடிக்கு 100 அதிர்வு என்றாலும் 60 மீட்டர். ஆய்வகத்தில் பாறைத் துண்டைச் சோதிக்கும் அல்ட்ராசோனிக் கருவியில் நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வு வைத்தால்தான் 6 மில்லிமீட்டருக்கு இறங்கும். தன் நீளத்தைவிடப் பலமடங்கு சிறிய பட்டைகளை அலை ஒவ்வொன்றாக உணராது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொருளாகத்தான் உணரும்.

அந்த ஒரே பொருளுக்குத் திசை இருக்கும் என்பதை 1962-இல் ஜார்ஜ் பேக்கஸ் அழகாகக் கணக்கிட்டுக் காட்டினார். கெட்டியான படுகை, மென்மையான படுகை என்று மாற்றி மாற்றி மெல்லிதாக அடுக்குங்கள். ஒவ்வொரு படுகையும் தனியாக எடுத்தால் எல்லாத் திசையிலும் ஒரே குணம்தான். மைக்கா மாதிரித் தகட்டுக் கனிமம் ஒன்றுகூட வேண்டாம். ஆனாலும் நீளமான அலைக்கு அந்த அடுக்கு முழுவதும் திசைச்சார்புள்ள ஒரே பொருளாகத் தெரியும். படுகையோடு போகும் அலைக்குக் கெட்டிப் படுகைகளே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். குறுக்கே போகும் அலை ஒவ்வொரு மென்படுகையையும் கடந்தே ஆகவேண்டும். கடலடியில் சேறு படிந்து இறுகிய ஷேல் பாறையில் இரண்டு காரணமும் சேர்ந்து வேலை செய்கின்றன: தகட்டுக் களிமண் கனிமங்களும் உண்டு, மெல்லடுக்குகளும் உண்டு.

எண்ணெய் தேடுபவர்களுக்கு இதில் பணம் போகும். அவர்கள் தரையிலிருந்து கீழே அனுப்பும் அலை ஆழத்தில் ஒரு படுகையில் பட்டுத் திரும்ப 2 நொடி ஆகிறது என்று வையுங்கள். செங்குத்து வேகம் நொடிக்கு 3 கி.மீ. என்றால் ஆழம் 3,000 மீட்டர். பக்கவாட்டில் சாய்ந்து போன அலைகளிலிருந்து வேகத்தைக் கணித்து 3.3 கி.மீ. என்று எடுத்துக்கொண்டால் ஆழம் 3,300 மீட்டர் என்று வரும். 300 மீட்டர் பிசகு! லியான் தாம்சன் 1986-இல் பலவீனமான திசைச்சார்பை மூன்றே எண்களில் சொல்லிவிடும் முறையை வெளியிட்ட பிறகு, இந்தத் திருத்தம் எண்ணெய்த் துறையில் அன்றாட வேலையாகிவிட்டது. அதற்கு முன் கைகளைக் கட்டிப்போட்டது எண்களின் எண்ணிக்கைதான். எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள பொருளின் மீள்தன்மையைச் சொல்ல 2 எண் போதும். பேப்பர்க் கட்டு போன்ற பொருளுக்கு 5 வேண்டும். எந்த ஒழுங்குச் சமச்சீரும் இல்லாத படிகத்துக்கு 21.

விரிசலும் தண்ணீரும்

பெங்களூரில் போர்வெல் போட்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஆயிரம் அடி தோண்டினாலும் பாறைக்குள் தண்ணீர் இருப்பது விரிசலில்தான். விரிசல் அகப்படாவிட்டால் புழுதிதான் வரும். அந்த விரிசல்கள் ஒரே திசையில் வரிசையாக இருந்தால் அவையும் திசைச்சார்பை உண்டாக்கும். விரிசல் ஓடும் திசையில் போகும் அலைக்குத் தடையில்லை. விரிசல்களை ஒவ்வொன்றாகக் குறுக்கே தாண்டும் அலை தாமதமாகும். ஆகவே தரையில் ஒரு புள்ளியைச் சுற்றிப் பல திசையில் சம்மட்டியால் அடித்து வேகத்தை அளந்தால், எந்தப் பக்கம் விரிசல் ஓடுகிறது என்று ஊகிக்கலாம். கடினப் பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீர் தேடுபவர்கள் இந்த முறையையும், இதே மாதிரித் திசைக்குத் திசை மின்தடையை அளக்கும் முறையையும் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர்ப் பஞ்சம் வரும் ஒவ்வொரு கோடையிலும் நகரம் முழுக்கக் குத்துமதிப்பாகத் துளை போடுவதைப் பார்க்கும்போது, இந்த அளவீடுகள் இன்னும் பரவலாக நடக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருக்கிறது.

விரிசலுக்குள் காற்று இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்பதும் அலைக்குத் தெரியும். காற்றை எளிதாக அமுக்கலாம், அதனால் காற்று நிறைந்த விரிசலைக் குறுக்கே கடக்கும் பி-அலை நன்றாகவே தாமதமாகும். தண்ணீரை அமுக்குவது கடினம். அது விரிசலுக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும், பி-அலையின் தாமதம் குறையும். எஸ்-அலையின் கதை வேறு. அது பாறையைப் பக்கவாட்டில் வழுக்க வைக்கும் அலை. வழுக்கலைக் காற்றும் தடுக்காது, தண்ணீரும் தடுக்காது. எனவே விரிசலில் தண்ணீர் நிரம்பினாலும் எஸ்-அலையின் திசைச்சார்பு அவ்வளவாக மாறாது. இரண்டு அலையையும் சேர்த்து அளந்தால் விரிசல் காய்ந்ததா, ஈரமா என்று சொல்ல வழி பிறக்கிறது.

ஆழம் போகப் போக நுண்விரிசல்கள் பாறையின் பாரத்தால் மூடிக்கொள்ளும். ஃபிரான்சிஸ் பர்ச் 1960-இல் வெளியிட்ட சோதனைகளில், அழுத்தத்தை ஏற்ற ஏற்றப் பாறையில் அலைவேகம் முதலில் விறுவிறுவென்று கூடிப் பிறகு நிதானப்படுவதைக் காணலாம். விறுவிறுப்பு அடங்கும் இடம் விரிசல்கள் மூடிய இடம். அதன் பிறகும் மீதியிருக்கும் திசைச்சார்பு கனிமங்களுடையது. பூமிக்குள் இந்த நிலை ஏழெட்டு கிலோமீட்டர் ஆழத்தில் வந்துவிடும்.

மறுபடி தங்கவயலை எடுத்துக்கொள்வோம். அங்கே தங்கம் இருந்த ஷிஸ்ட் பட்டை வடக்கு தெற்காக ஓடுகிறது. பாறையின் அடுக்கும் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது. இத்தகைய இடத்தில் பாறை வெடிப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க, சுற்றிலும் அதிர்வுமானிகளை வைத்து, அலை ஒவ்வொன்றுக்கும் எப்போது வந்தது என்று பார்ப்பார்கள். நேரத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம். எல்லாத் திசைக்கும் ஒரே வேகத்தைப் போட்டால் என்னவாகும்? அடுக்கோடு ஓடிவந்த அலை சீக்கிரம் வந்ததால் வடக்கிலும் தெற்கிலும் உள்ள மானிகள் வெடிப்பை இன்னும் பக்கத்தில் என்று சொல்லும். கிழக்கிலும் மேற்கிலும் உள்ளவை இன்னும் தள்ளி என்று சொல்லும். 2 கி.மீ. தூரத்தில் வேகம் 5 சதவீதம் பிசகினால் இடம் 100 மீட்டர் பிசகும். சுரங்கத்துக்குள் 100 மீட்டர் என்றால் வேறு லெவல், வேறு பாதை. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருந்தால் அந்த 100 மீட்டரின் அர்த்தம் அந்தப் பெரியவருக்குத் தெரியும். இதைச் சரிசெய்ய, தெரிந்த இடத்தில் தெரிந்த நேரத்தில் வெடி வைத்து, ஒவ்வொரு திசைக்கும் உண்மை வேகத்தை முன்கூட்டியே அளந்துவைப்பார்கள்.

கோளமாக விரியாத அலை

எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள பாறையில் ஒரு புள்ளியில் வெடித்தால் அலைமுகம் கோளமாக விரியும். திசைச்சார்புள்ள பாறையில் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் சுருங்கும். இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. கோளத்தில் மையத்திலிருந்து எந்தப் பக்கம் கோடு போட்டாலும் அது பரப்பைச் செங்குத்தாகவே தொடும். நீள்வட்டத்தில் அப்படி இல்லை. கிடைத்திசையில் 6, செங்குத்தில் 5 என்று வேகமுள்ள ஒரு நீள்வட்ட அலைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து, செங்குத்துக்கு 45 டிகிரி சாய்வில் ஆற்றல் பயணம் செய்யும் இடத்தில், அலைமுகம் பார்க்கும் திசை செங்குத்துக்கு ஏறக்குறைய 35 டிகிரிதான். அதாவது அலையின் முகம் ஒரு பக்கம் பார்க்க, ஆற்றல் 10 டிகிரி தள்ளி வேறு பக்கம் போகிறது. நிலத்தில் வைத்த மானி முகத்தின் சாய்வைப் பார்த்து, “இந்தப் பக்கமிருந்து வந்தது” என்று காட்டும். உண்மையில் அது வேறு வழியாக வந்திருக்கும்.

எஸ்-அலை இரண்டாகப் பிரியும்

இதுவரை சொன்னது பெரும்பாலும் பி-அலை பற்றி. எஸ்-அலையில்தான் விஷயம் உண்மையில் செழிப்பாக இருக்கிறது.

பேப்பர்க் கட்டுக்குத் திரும்புவோம். தாள்களின் திசையிலேயே, விளிம்பு வழியாக ஓர் எஸ்-அலை உள்ளே போகிறது. அது தன் பாதைக்குக் குறுக்கே ஆட்டும். ஆனால் குறுக்கே என்றால் இரண்டு விதம் உண்டு. ஒன்று, தாளின் தளத்துக்குள்ளேயே இடவலமாக ஆட்டலாம். தாள் தன் தளத்துக்குள் எளிதில் கோணாது, ஆகவே விறைப்பு அதிகம், வேகம் அதிகம். இன்னொன்று, மேலும் கீழுமாக ஆட்டலாம். அப்போது ஒரு தாள் மேல் இன்னொரு தாள் வழுக்கும். விறைப்பு குறைவு, வேகமும் குறைவு. சாய்வாக ஆட்டும் எஸ்-அலை வந்தால்? பாறை அதை அப்படியே விடாது. இரண்டு கூறாகப் பிரித்து, ஒன்றை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் அனுப்பும். உள்ளே போனது ஓர் எஸ்-அலை, வெளியே வருவது இரண்டு. ஒன்று முன்னால், மற்றது பின்னால். இரண்டின் ஆட்டமும் ஒன்றுக்கொன்று செங்குத்து. எஸ்-அலைப் பிளவு என்பது இதுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். அதே கட்டுக்கு நேர் மேலிருந்து, தாள்களுக்குக் குறுக்கே எஸ்-அலை இறங்கினால், இடவலமாக ஆட்டினாலும் முன்பின்னாக ஆட்டினாலும் தாள்கள் ஒரே மாதிரிதான் வழுக்கும். இரண்டுக்கும் வேகம் ஒன்றே. பிளவு கிடையாது. பாறை திசைச்சார்புள்ளதுதான், ஆனால் அந்தப் பாதையில் போன அலைக்கு அது தெரியவில்லை. ஒரு நிலையத்தில் பிளவு இல்லை என்றவுடன் கீழே திசைச்சார்பே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கட்டை நிமிர்த்தி நிறுத்தினால், கீழிருந்து நேராக மேலே வரும் அலையும் பிரியும். தென் கர்நாடகத்தின் நைஸும் ஷிஸ்டும் பல இடங்களில் இப்படி நிமிர்ந்து நிற்கிற அடுக்குகள்தான்.

இப்போது ஆழத்துக்குப் போவோம். பெங்களூருக்குக் கீழே மேலோட்டின் தடிமன் ஏறக்குறைய 35 கி.மீ. அதன் கீழே கவசம் (மேன்டில்) என்ற தடித்த பாறை அடுக்கு. மேல்கவசத்தில் அதிகம் இருப்பது ஆலிவின் என்ற பச்சைக் கனிமம். அதன் ஒரு படிக அச்சில் பி-அலை நொடிக்கு 9.9 கி.மீ. ஓடும், இன்னோர் அச்சில் 7.7 கி.மீ. மட்டுமே. கவசப் பாறை திடப்பொருள்தான். ஆனாலும் அந்தச் சூட்டில், கோடிக்கணக்கான ஆண்டுகளில், மிக மெதுவாக ஓடும். ஓடும்போது ஆலிவின் படிகங்களின் வேக அச்சு ஓட்டத்தின் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். ஹாரி ஹெஸ் 1964-இல் பசிபிக் கடலடியின் கீழே அளந்த வேகங்களை எடுத்து, கடல்தளம் விரியும் திசையில் பி-அலை வேகமாகப் போவதைக் காட்டினார். கண்டத் தட்டுகள் நகர்கின்றன என்பதைப் பலர் இன்னும் ஒப்புக்கொள்ளாத காலம் அது. பாறைக்குள் ஓடிய அலை, ஓட்டத்தின் திசையைச் சொல்லிவிட்டது!

கண்டங்களின் கீழே இதை அளக்க ஓர் அருமையான வழி இருக்கிறது. மிகத் தொலைவில் நடந்த பெரிய நிலநடுக்கத்தின் எஸ்-அலை பூமியின் வெளிக்கருவைத் தொடுகிறது. வெளிக்கரு திரவம், திரவத்தில் எஸ்-அலை போகாது. அங்கே அது பி-அலையாக மாறிக் கடந்து, மறுபக்கம் கவசத்துக்குள் நுழையும்போது மறுபடி எஸ்-அலையாகிறது. இதற்கு எஸ்.கே.எஸ். என்று பெயர். பி-அலையாக இருந்த காலத்தில் எஸ்-அலையின் பழைய ஆட்டமெல்லாம் அழிந்துவிடும். புதிதாகப் பிறக்கும் ஆட்டம், நிலநடுக்கம் நடந்த இடத்தையும் நம் நிலையத்தையும் சேர்த்த செங்குத்துத் தளத்துக்குள் மட்டுமே இருக்கும். எனவே அந்தத் தளத்துக்குக் குறுக்கே ஆடும் எந்த அசைவும் மானியில் பதியக் கூடாது. பதிந்தால், வெளிக்கருவிலிருந்து நம் காலடிவரை வரும் வழியில் எங்கோ அலை பிரிந்திருக்கிறது. நிலநடுக்கம் நடந்த பக்கத்துப் பாறையின் குழப்பம் எதுவும் இதில் கலக்காது. இவ்வளவு சுத்தமான அளவீடு நிலநடுக்கவியலில் அரிது.

தாமதம் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேல்கவசத்தில் எஸ்-அலை நொடிக்கு 4.5 கி.மீ. வேகம் என்றும், 100 கி.மீ. தடிமனுக்கு 4 சதவீதத் திசைச்சார்பு என்றும் வையுங்கள். 100 கி.மீ. கடக்க 22 நொடி. அதில் 4 சதவீதம் ஏறக்குறைய 0.9 நொடி. உலகெங்கும் கண்டங்களில் அளக்கப்படுவதும் பொதுவாக ஒரு நொடியைச் சுற்றியேதான். மேலோடு மட்டும் தரும் தாமதம் 0.1 முதல் 0.3 நொடி அளவு. ஆகவே ஒரு நொடித் தாமதத்தில் பெரும்பங்கு கவசத்தினுடையது.

இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வடகிழக்கு நோக்கி நகர்கிறது. தென்னிந்தியாவின் பல நிலையங்களில் வேகமான எஸ்-அலையின் ஆட்டத் திசை இந்த நகர்வுத் திசையை ஒட்டியே இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். சில இடங்களில் தரையின் மேலே தெரியும் பழைய அடுக்குகளின் போக்கையும் ஒட்டியிருக்கிறது. இரண்டு விளக்கமும் சாத்தியம். தட்டு நகரும்போது அதன் அடிப்பகுதி கீழுள்ள சூடான கவசத்தை இழுப்பதால் இன்று ஆலிவின் திரும்பிக்கொண்டிருக்கலாம். அல்லது 250 கோடி ஆண்டுக்கு முன் இந்தப் பகுதி உருவானபோது பதிந்த ஒழுங்கு, குளிர்ந்து உறைந்து, அப்படியே நிற்கலாம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

அடுக்கு இரண்டா, ஒன்றா என்று சோதிக்க முடியும். ஒரே ஒரு திசைச்சார்பு அடுக்கு இருந்தால், நிலநடுக்கம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வேகமான எஸ்-அலைக்கு அதே ஆட்டத் திசையும், பின்னால் வருவதற்கு அதே தாமதமும் கிடைக்கும். வேறுவேறு திசை பார்க்கும் இரண்டு அடுக்குகள் இருந்தால், அலை வரும் பக்கத்தைப் பொறுத்து அளவுகள் மாறும்; அந்த மாற்றம் 90 டிகிரிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். இதைப் பிடிக்க, சுற்றுவட்டாரத்தின் எல்லாப் பக்கமிருந்தும் தகுந்த தூரத்தில் பெரிய நிலநடுக்கங்கள் வேண்டும். பெங்களூருக்குக் கிழக்கே டோங்கா, ஃபிஜித் தீவுகள் சரியான தூரத்தில் இருக்கின்றன. அங்கே நிலநடுக்கத்துக்குக் குறைவில்லை. மற்ற பக்கங்களிலிருந்து அப்படி வருவது மிகக் குறைவு. அதனால் தென்னிந்தியாவில் ஓர் அதிர்வுமானியைச் சில மாதம் வைத்து எடுத்துவிட்டால் கிழக்குப் பக்கத்துப் பதில் மட்டும்தான் கையில் இருக்கும். மற்ற திசைகளிலிருந்து ஓர் அலை வரும்வரை, கருவியை ஆண்டுக்கணக்கில் அதே பாறை மேல் ஓடவிட வேண்டியிருக்கிறது.